மூவாயிரத்துக்குக் கீழே

"ஏங்க, டீ ஆறிப்போவுது" என்று வசந்தி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். ஒரு சொல் விடாமல் சிங்காரத்தின் காதில் விழுந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று வந்து சேரவில்லை. குழம்புச் சட்டியில் அடியில் கிடக்கும் கெட்டியை விட்டுவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கரண்டியால் மொண்டு ஊற்றினமாதிரி இருந்தது. உரசல் இருந்தது, உதடு பிரிகிற சத்தம் இருந்தது, பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே காற்று சீறுவதுகூட இருந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பி வருகிற பாகத்தை மட்டும் காணோம்.

மழைச்சளி என்று தீர்ப்பு எழுதிவிட்டு டீயைக் குடிக்கப் போனான். சளி பிடித்தால் குரல் தடிக்குமே தவிர மெலியாது என்பது பாதி டீயில்தான் உறைத்தது.

எண்பத்து நாலாம் வருஷத்து ஐப்பசி. பத்து நாளாக ஜவ்வாது மலை பிழியாத ஈரத்துணியாகக் கிடந்தது. காவலூர் தொலைநோக்கிக் கூடத்தில் சிங்காரத்துக்கு ஜெனரேட்டர் உத்தியோகம். கரண்ட் போனால் போட வேண்டும், வந்தால் அணைக்க வேண்டும். நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு நட்சத்திரத்துக்கு இருட்டு வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அந்த மற்ற எல்லாவற்றுக்கும் சிங்காரம். மேகம் மூடிவிட்டால் நட்சத்திரமும் கிடையாது, வேலையும் பாதி கிடையாது. அந்த மாதங்களில் குவார்ட்டர்ஸில் சிலர் கேரம் ஆடுவார்கள், சிலர் கேரம் ஆடி விரோதித்துக்கொள்வார்கள். சிங்காரம் இந்த வருஷம் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தான்.

காரணம் இருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்து வசந்திக்கு டீச்சர் வேலை வந்துவிட்டது. கண்ணமங்கலத்தில். வருகிற திங்கட்கிழமை பன்னிரண்டரை பஸ்ஸில் கிளம்புகிறாள். மாதம் ஒருமுறை வருவாள். உத்தரவு வந்த அன்று குவார்ட்டர்ஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தவனும் அவன்தான், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவனும் அவன்தான். 'போகாதே' என்ற ஒரு வார்த்தை அன்றைக்குத் தொண்டை வரை வந்தது. மிட்டாயைப் போட்டு உள்ளே தள்ளிவிட்டான். ஒன்பது வருஷக் கனவின் குறுக்கே படுக்கிற அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை. சிரித்த முகமாக வழியனுப்புகிற அளவுக்கு நல்லவனும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவன் செய்கிற காரியம்தான் செய்தான். மரப்பெட்டி அறுத்தான்.

கடிதத்துக்குப் பதிலாக வாரம் ஒரு கேசட் அனுப்புவதாக வசந்தி சொல்லியிருந்தாள். "உங்களுக்கு நாலு வரி படிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும். பேசியே அனுப்பிடறேன்." டேப் ரெக்கார்டரின் சொந்த ஸ்பீக்கரில் யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் போட்ட வண்டு மாதிரி கேட்கும். வாரம் முழுக்க ஒரு வண்டுக்காகக் காத்திருக்க முடியுமா. அதனால் ஒரு பெட்டி. பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்னது ஒன்று. வசந்தியின் புத்தகங்கள் டிரங்குப் பெட்டிக்குப் போனபிறகு காலியாகிற அலமாரித் தட்டு இருக்கிறதே, அதன் அளவுக்கு.

வாணியம்பாடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜப்பார் பாயிடம்தான் யோசனை கேட்டிருந்தான்.

"இன்னா சிங்காரம், பாட்டு கேக்கவா, பேச்சு கேக்கவா?"

"பேச்சு பாய்."

"யாரு பேச்சு?"

"வூட்டுல பேசறதுதான்."

ஜப்பார் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "பொண்டாட்டி பேசறதைக் கேக்க ஸ்பீக்கர் கட்டுற மொத ஆளு நீதான்பா. நாங்கள்லாம் கேக்காம இருக்க இன்னா வழின்னு பாக்கறோம்."

பிறகு உட்காரவைத்து விளக்கினார். கிராஸ்ஓவர் என்பது சொத்துப் பிரிக்கிற பஞ்சாயத்துக்காரர் மாதிரி. வருகிற சத்தத்தை இரண்டாக வெட்டி, தடித்ததைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லியதைச் சின்னதற்கும் அனுப்பும். அதற்கென்று தனியாகக் கரண்ட் வேண்டாம். ஸ்பீக்கருக்கு ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், ஒரு கண்டென்சர் போதும். "மூவாயிரத்துல வெட்டு, செகண்டுக்கு மூவாயிரம் அதிர்வு. அதுக்கு மேல எல்லாம் உரசலு, சீறலு. அதுக்குக் கீழதான் ஆளு. நல்லா பழகின குரலா ஒண்ணு வெச்சிக்க, அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுதான் சரி பண்ணணும். அப்புறம் ஒண்ணு. சின்ன ஸ்பீக்கருக்குப் போற ஒயரைத் திருப்பிப் போடணும். பிளஸ்ல மைனஸு. மறந்துடாத."

"போடலைன்னா?"

"வெட்டுற எடத்துல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். நடுவுல பள்ளம் விழும்."

"இன்னா பள்ளம்?"

"பள்ளம்னா பள்ளம். அங்க எதுவும் கேக்காது."

சிங்காரம் தலையை ஆட்டினான். ஆட்டியது தலைதான், கை ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்துப் பழகிய கை. ஒயரை மாற்றிக் கொடுத்த ஒருவன் ஜெனரேட்டர் கொட்டகையிலிருந்து புருவம் இல்லாமல் வெளியே வந்ததைப் பார்த்த கண். தெரிந்தே தப்பாகக் கட்டுவதா. பாய் வியாபார மும்முரத்தில் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று ஒழுங்காகவே கட்டினான்.

காயிலும் அவனே சுற்றினான். எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி, கடைந்த கட்டை, ஒரு காயிலுக்கு நூற்றைம்பது சுற்று. தொண்ணூறு வரும்போதெல்லாம் கணக்கு தவறியது. இரண்டு முறை அவிழ்த்ததைப் பார்த்துவிட்டு வசந்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீங்க சுத்துங்க, நான் எண்றேன். இது கூட வராதவருக்கு எப்படித்தான் ஜெனரேட்டரைக் குடுத்தாங்களோ." ஒரு சுற்றுக்கு ஓர் எண். நூற்றைம்பது வரைக்கும் அவள் வாய்விட்டு எண்ண எண்ண, அவன் கம்பியைச் சுற்றினான். இரண்டாவது காயிலுக்கும் அப்படியே. அந்த மாதத்தில் அவன் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

பழகின குரல் என்றதும் வேறு யாரைத் தேடுவது. பச்சைக் கட்டம் போட்ட சேலையும் தலைக்குக் குளித்த ஈரமுமாக வசந்தி டேப் முன்னால் உட்கார்ந்து, அரை மணி நேரம் பேசிக் கொடுத்தாள். அரிசி டின்னில் வேப்பிலை போட்டிருக்கிறது, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், மழைக்காலம் முடிகிறவரை பின்னறை ஜன்னலைத் திறக்க வேண்டாம், ராத்திரி ஜெனரேட்டர் கொட்டகையில் சிங்காரம் தூங்கினால் தனக்குக் கண்ணமங்கலத்தில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை ஓட்டிப் பார்த்தபோது பாய் சொன்ன பள்ளம் விழுந்திருந்தது. எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கச் சிங்காரம் தனக்குத் தோன்றிய வழியைச் செய்தான். பெரிய ஸ்பீக்கரைப் பெட்டியோடு பின்னறையில் வைத்தான். சின்னதைக் கழற்றி, நீளமாக ஒயர் இழுத்து, சமையலறைப் பரணில் வைத்தான். வசந்தியின் குரலில் தடித்த பாதி ஓர் அறையில், மெல்லிய பாதி ஓர் அறையில். இரண்டுக்கும் நடுவே நடந்து நடந்து கேட்டான். அரை மணி நேர டேப்பைப் பதினொரு தடவை ஓட்டினான்.

"என் குரலை வெச்சி என்னையே வறுக்கறீங்களே" என்றாள் வசந்தி, பரணைப் பார்த்து. "மேல இருந்து பல்லி பேசற மாதிரி இருக்கு."

அன்று நாலு மணிக்குத்தான் அந்த டீ.

சனிக்கிழமை காலை வெள்ளையம்மாள் சாமை அரிசி கொண்டுவந்தாள். மேலூர்க் காட்டுக்காரி, வசந்திக்கு வாடிக்கையாகத் தானியம் அளக்கிற ஆள். சமையலறைக் கதவருகில் முறத்தை இறக்கிவிட்டு நின்றாள். சிங்காரம் பின்னறை மேஜையில் டேப் ரெக்கார்டரின் மூடியைக் கழற்றி வைத்து, பஞ்சால் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தான். பிளக் சுவரில் இல்லை; அவன் மடியில் கிடந்தது.

"இன்னா டீச்சரம்மா, திங்கக்கெழமை போறியாமே."

"ஆமா வெள்ளையம்மா. மாசத்துக்கு ஒருவாட்டி வருவேன். அவரைக் கொஞ்சம் பாத்துக்க." குரல் நேற்றையைவிட மெலிந்திருந்தது. தாள் மேல் தாள் உரசுகிற மாதிரி.

வெள்ளையம்மாள் தலையைச் சாய்த்து, வசந்தியைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"உள்ளார யாரு, உன் தங்கச்சியா?"

"தங்கச்சியா? யாரும் இல்லியே. அவருதான் இருக்காரு."

"பொம்பளக் கொரலு. நீ வாயத் தொறக்கறப்பல்லாம் அதுவும் கூடவே பேசுது. கெணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி."

வசந்தி சிரித்தாள். "அவரு கட்டுற பொட்டி அது. ரெண்டு நாளா என்னைப் போட்டு ஓட்டிக்கினு இருக்காரு."

அந்தச் சிரிப்பு வருகிறபோதே சிங்காரத்துக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில், சிரிப்பின் மீதிப் பாதி எழுந்தது. கனமாக, மொழுமொழுவென்று, வாயை மூடிக்கொண்டு சிரிப்பதுபோல. பெட்டியிலிருந்து. அவன் பெட்டியைப் பார்த்தான். அதன் பின்னாலிருந்து வந்த ஒயரின் இரண்டு முனைகளும் மேஜைமேல் எதையும் தொடாமல் கிடந்தன.

கூரையில் மழை. அஸ்பெஸ்டாஸ் அதிரும், அதிர்ந்தால் தாள் கூம்பும் கூடவே அதிரும். தனக்குத்தானே பாடம் நடத்தியபடி, பெரிய ஸ்பீக்கரின் கறுத்த கூம்பின்மேல் உள்ளங்கையை லேசாக வைத்தான்.

"சரி வெள்ளையம்மா, மழை வலுக்கறதுக்குள்ள போய்ட்டு வா" என்றாள் வசந்தி, அங்கே.

இங்கே கூம்பு அவன் உள்ளங்கையைத் தள்ளியது. ஒவ்வொரு சொல்லுக்கும். மெதுவாக, சூடாக. ஒருத்தியின் நெஞ்சின்மேல் கை வைத்துக்கொண்டு அவளைப் பேசச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி.

கையை எடுத்துக்கொண்டான். வெள்ளையம்மாள் போகிற அவசரத்தில் முறத்தையே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

மத்தியானம் முழுக்க அவன் தன் காதின்மேல் பழி போட்டான். பதினொரு தடவை ஒரே டேப்பைக் கேட்டவன் காது என்னத்துக்கு ஆகும். இரண்டு நாள் விட்டால் சரியாகிவிடும். வெள்ளையம்மாளின் காதுக்கு என்ன வந்தது என்ற கேள்வியை மட்டும் அவன் பக்கத்தில் சேர்க்கவில்லை.

ஐந்து மணிக்கே அன்று இருட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் வெளியே கசிந்தால் நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு ஆகாது என்று குவார்ட்டர்ஸ் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கொடுத்திருந்தார்கள்; பின்னறையில் அது பகலிலும் தொங்கும். சிங்காரம் பின்னறையிலிருந்து ஹாலுக்கு வருகிற நிலைவாசலில் வந்து நின்றான். ஹாலில் வசந்தி, மடித்த சேலைகளை டிரங்குப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. புருவம் உயர்ந்தது. அவனைப் பார்த்து ஏதோ கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி கேட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

மழை கேட்டது. எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொள்வது கேட்டது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுகூடக் கேட்டது. அவள் குரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். பாய் சொன்னது.

அப்போது பின்னாலிருந்து வாசனை வந்தது. சீயக்காயும் ஈரமும். இப்போதுதான் தலைக்குக் குளித்து, துவட்டாமல் வந்து நிற்கிற கூந்தலின் வாசனை. எதிரே நின்ற வசந்தியின் தலை காய்ந்து, இறுகப் பின்னியிருந்தது. அவன் கழுத்தின் பின்புறத்தில் ஒரு மூச்சு, எதிரே அவள் உதடு அசைகிற தாளத்துக்கே, விட்டு விட்டுப் பட்டது. யாரோ அவனை நோக்கி நின்று, அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் பார்க்காமல் ஹாலுக்குள் ஓர் எட்டு வைத்தான். உரசல் குரல் சட்டென்று காதில் விழுந்தது.

"...எத்தனைவாட்டி கேக்கறது. மரம் மாதிரி நிக்கறீங்க. நான் போறது புடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லுங்க. காது கேக்காத மாதிரி நடிக்காதீங்க."

அவனுக்கு எப்போதும் ஒரு தமாஷ் கைவசம் இருக்கும். தேடினான்; இல்லை. "இல்ல வசந்தி, காதுல பஞ்சு" என்று ஏதோ உளறினான்.

 அவள் டிரங்குப் பெட்டியை மூடினாள். அன்று இரவு பக்கத்தில் படுத்தவள் மூச்சு விடுகிற சீறல் மட்டும் பாயில் கேட்டது. இழுக்கிற மூச்சு பின்னறையில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை. பயந்தவன் தெரிந்த வேலையைத்தான் செய்வான்; சிங்காரத்துக்கு ஒயரும் ஈயமும் தெரியும். பள்ளம் விழுந்தது ஒயரைத் திருப்பாததால். திருப்பினால் பள்ளம் மூடும். மூடினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் முழுசாகப் பஸ் ஏறுவாள். அது போதும். அவன் தனியாக இருப்பான், வண்டுக் குரலையே கேட்டுக்கொண்டிருப்பான், ஒன்றும் கெட்டுப்போகாது. அரைக் குரலோடு மட்டும் அவளை அனுப்பக் கூடாது. நாற்பது பிள்ளைகள் முன்னால் போய் இந்த உரசலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்.

பரணிலிருந்து சின்ன ஸ்பீக்கரை இறக்கிப் பெட்டியில் பழைய இடத்திலேயே பொருத்தினான். சூட்டுக்கோல் பழுத்தது. பற்றவைக்கும் பிசின் புகைந்து கண்ணைக் கரித்தது. சிவப்பை எடுத்துக் கறுப்பின் இடத்தில் வைத்தான். பன்னிரண்டு வருஷத்துக் கை ஒருமுறை பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. ஈயம் உருகி, பளபளத்து, மங்கி, உறைந்தது.

அது உறைந்த அந்த நொடியில், அவன் முதுகுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில் ஒரு சத்தம். ஈரப் பாதம் இரண்டு, நின்ற இடத்திலேயே, மெல்லத் தேய்ந்து திரும்புகிற சத்தம்.

அவன் தலையைத் தூக்கவில்லை. உறைந்த ஈயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம்.

பிறகு டேப்பைப் போட்டான்.

பெட்டி பேசியது. அரிசி டின்னும் வேப்பிலையும் எண்ணெய்க் குளியலும். இழை பிரியாத, சூடு ஆறாத, அடி கெட்டியான குரல். அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. அப்படி ஒரு ஸ்பீக்கரை அவன் கேட்டதே இல்லை. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. கண் நிறைந்துவிட்டது.

வசந்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று கேட்டாள். முகம் இளகியது.

"நானா இது?"

வறண்ட சருகை மிதித்தமாதிரி இருந்தது அது. மாறவில்லை. இன்னும் தேய்ந்திருந்தது.

"நேர்ல பேசறதை விட நல்லா இருக்குங்க" என்றாள்.

"வசந்தி, உனக்கு நீ பேசறது நல்லா கேக்குதா?"

"ஏன், எனக்கு இன்னா? நல்லாத்தான் கேக்குது." சிரித்தாள். சிரிப்பில் சத்தமே இல்லை. பல் மட்டும் தெரிந்தது.

அவள் போன பிறகு பெட்டியின் எதிரே உட்கார்ந்திருந்தான். கொறடு கையில் இருந்தது. காயிலை வெட்டிவிடலாம். நூற்றைம்பது சுற்றையும் உருவிப் போட்டுவிடலாம். உள்ளே இருப்பது வெளியே வந்து அவளிடம் போய்ச் சேருமா, இல்லை வெட்டிய இடத்தோடு போய்விடுமா. யாரைக் கேட்பது. ஜப்பாருக்குக் கடையில் போன் கிடையாது. இருந்தாலும் என்னவென்று கேட்பது. கொறடை வைத்தான். எடுத்தான். வைத்தான்.

திங்கட்கிழமை மூடுபனி ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர் எழுப்பியிருந்தது. பதினொரு மணிக்கு ஹாலில் விளக்கு போட வேண்டியிருந்தது. மணி பன்னிரண்டேகால் ஆனபோது வசந்தி நீலச் சேலையில், கையில் பையோடு, ஹாலின் அந்தக் கோடியில் நின்றாள். ஏதோ சொன்னாள். அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான். டிரங்குப் பெட்டி. கடைசியாகப் புத்தகங்களை அடுக்க அதைப் பின்னறைக்கு இழுத்துப் போயிருந்தார்கள்.

போனான். நிலைவாசலில் நின்றான்.

பின்னறையில் கறுப்புத் துணியின் ஓரங்களில் மட்டும் வெளிச்சம். டிரங்குப் பெட்டி. காலியான அலமாரி. தட்டில் ஸ்பீக்கர்.

அலமாரிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து, ஒரு பெண்.

பச்சைக் கட்டம் போட்ட சேலை. பின்னாத கூந்தல். நுனியிலிருந்து தண்ணீர். சொட்டு. சொட்டு. தரை நனைந்திருந்தது.

முதுகு மட்டும் தெரிந்தது. முகம் சுவருக்கு.

 நிலைச்சட்டத்தில் முதுகை ஒட்டிக்கொண்டான். இடப்பக்கம் பின்னறை. வலப்பக்கம் ஹால்.

"இன்னாங்க, பொட்டி கெடைச்சுதா?"

முழுசாக.

மூணு நாளுக்குப் பிறகு முழுசாக. நெஞ்சும் தொண்டையும் பல்லும் உதடும் ஒன்றாகச் சேர்ந்து, வசந்தி. அவன் வசந்தி.  அழுகை வந்தது.

ஹாலை நோக்கி ஓர் எட்டு வைத்தான். "கெடைச்சுதான்னு கேக்கறேன்" என்பது சருகாக உதிர்ந்தது. பின்னால் எடுத்து வைத்தான். பின்னறைப் பக்கம் ஒரு சாண் அதிகமாகப் போய்விட்டது. கிணற்று முனகல். நடுவில் வந்தான்.

"ஏன் இப்படி நிக்கறீங்க?"

முழுசாக.

அங்கே முகம். இங்கே முதுகு. ஒன்று நேராக, ஒன்று திருப்பி. அவன்தான் கட்டினான். அவன் கைதான். நேற்று.

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. நீளமாக. பனிக்குள்ளிருந்து.

இப்போது டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளை ஏற்றிவிடலாம். சருகுக் குரலோடு அவள் கண்ணமங்கலம் போவாள். நாளாக நாளாக அதுவும் தேயும். இல்லையென்றால்.

மறுபடி ஹாரன்.

"வசந்தி" என்றான். மிட்டாய்க்கு அடியில் போட்டு அமுக்கிய வார்த்தை தானாகவே ஏறி வந்தது. "போவாத."

ஹாலில் அவள் கையிலிருந்த பை தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. அவள் கண் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, பின்னறைக்குள் பார்த்தது. தெரிந்தவர்களைப் பார்க்கிற பார்வை. உதடு பிரிந்தது.

"போவலங்க."

இரண்டு பக்கமும். ஒரே குரல். அவ்வளவு அழகாக அவள் பேசி அவன் கேட்டதில்லை.

பஸ் கியர் மாற்றிக்கொண்டு இறங்கிப் போனது. சத்தம் தேய்ந்தது. நின்றது.

ஹாலில் நீலச் சேலை அவனை நோக்கி ஓர் எட்டு வைத்தது. பின்னறையில் பச்சைச் சேலையும் ஓர் எட்டு வைத்தது. திரும்பாமல். முகம் சுவரை நோக்கியே இருக்க, குதிகால் முதலில் ஊன்றி, பின்னோக்கி.

"எங்கயும் போவல."

இன்னோர் எட்டு. இரண்டு பேரும். ஒரே அளவு.

ஓட வேண்டும். எந்தப் பக்கம் ஓடினாலும் குரல் உடைந்துவிடும். உடைந்தால் சேராது.

அவன் நகரவில்லை.

சொட்டு நெருங்கியது. சீயக்காய் வாசனை நெருங்கியது. ஈரக் கூந்தல் மட்டும், முகம் இல்லாமல், அவன் இடத் தோளை வந்து தொட்டு நின்றது.